கவுன்சலிங் அப்புறம், முதலில் புத்தகம் வாசித்துக் காட்டுங்கள்

கேள்வி: நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த வருடம் முடிவதற்குள் 60 மணி நேரம் சமூகப் பணி செய்து காட்ட வேண்டும் என்று துறையில் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குக் கவுன்சலிங் செய்யத்தான் ஆசை. இரண்டு இடங்களில் கேட்டேன், “எம்.எஸ்சி. முடிச்சிட்டு வாம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். ஆன்லைனில் ஒரு நிறுவனம் 5,000 ரூபாய் கட்டினால் 15 நாளில் ‘கவுன்சலிங் இன்டர்ன்ஷிப்’ சர்டிஃபிகேட் தருவதாகச் சொல்கிறது. என் வகுப்பில் நான்கு பேர் இன்ஸ்டாகிராமில் இலவச கவுன்சலிங் பக்கம் தொடங்கி என்னையும் கூப்பிடுகிறார்கள். அப்பாவோ, “பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பக்கமெல்லாம் போகக் கூடாது” என்கிறார். நான் என்ன செய்யட்டும் மேடம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருநெல்வேலி.

அன்புள்ள மாணவிக்கு,

உங்களைத் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு இடங்களும் நல்ல இடங்கள். கோபப்படாதீர்கள், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவியை நாற்காலியில் உட்காரவைத்து, “இந்தாம்மா, இவர் கஷ்டத்தைக் கேட்டுத் தீர்த்து வை” என்று சொல்கிற இடம்தான் பயப்பட வேண்டிய இடம். மருத்துவ உளவியலாளர் என்று போர்டு மாட்ட, எம்.எஸ்சி.க்கு அப்புறமும் மேற்பார்வையில் பயிற்சி பெற்று, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அவ்வளவு நீளமான பாதையில் நீங்கள் இப்போதுதான் பஸ் ஏறியிருக்கிறீர்கள். ஆனால் உங்களிடம் இருப்பது கொஞ்சமில்லை. வாரத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. நல்ல தமிழ் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியும், கால் ஓடும். இந்த நான்கும் இல்லாமல் திண்டாடுகிறவர்கள் உங்கள் ஊரிலேயே நிறைய இருக்கிறார்கள்.

இன்ஸ்டாகிராம் பக்கத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. உங்கள் நண்பர்களின் மனசு நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஒரு செய்தி வரும்: “மாத்திரை எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன் அக்கா.” அனுப்பியவர் யார், எந்த ஊர், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. நீங்கள் ஐந்து பேரும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். காலையில் எழுந்து பார்ப்பீர்கள். அப்புறம் அந்த நாளை வாழ்நாள் முழுக்க மறக்க முடியாது.

கற்பனையாகச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரி மாணவிகள் என்னிடம் அழுதுகொண்டே வந்தார்கள். ஹாஸ்டலில் மனச்சோர்வு பற்றி ஒரு சின்ன கணக்கெடுப்பு. பி.எச்.கியூ.-9 என்கிற கேள்வித்தாள், உங்களுக்கும் பாடத்தில் வரும். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லி அறுபது பேரிடம் கொடுத்து, வாங்கி, ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து மதிப்பெண் போட உட்கார்ந்தபோதுதான் ஒரு தாளில் ஒன்பதாவது கேள்வியைப் பார்த்திருக்கிறார்கள். செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா என்று கேட்கிற கேள்வி அது. ‘கிட்டத்தட்ட தினமும்’ என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக். பேனா தாளைக் கிழித்திருந்தது. யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை, பெயர் வேண்டாம் என்று சொன்னதே இவர்கள்தானே. கடைசியில் வார்டனைச் சேர்த்துக்கொண்டு, ஹாஸ்டல் முழுவதையும் கூட்டி, உதவி எங்கே கிடைக்கும் என்று பொதுவாகச் சொல்லி, இரண்டு நாள் ஒரு பேராசிரியரை அங்கேயே உட்காரவைத்தோம். இரண்டாம் நாள் சாயங்காலம் அந்தப் பெண் தானாக வந்தாள். வந்தது எங்கள் அதிர்ஷ்டம், திறமை என்று சொல்லிக்கொள்ள முடியாது. கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே, இந்தப் பதில் வந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் யாரைக் கூப்பிடுவோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் கேட்கக் கூடாது.

“அப்படியானால் சினேகாவில் போன் எடுப்பவர்கள் மட்டும் டாக்டர்களா?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தொடங்கிய அந்தத் தற்கொலைத் தடுப்பு மையத்தை நடத்துவது பெரும்பாலும் சாதாரணத் தன்னார்வலர்கள்தான். ஆனால் ஆள் பார்த்து எடுக்கிறார்கள், பயிற்சி கொடுக்கிறார்கள், எடுத்த அழைப்பைப் பற்றிப் பேச அங்கே மூத்தவர் இருக்கிறார். உங்கள் நண்பர்களின் பக்கத்தில் இந்த மூன்றும் இல்லை. பக்கத்தை மூட வேண்டாம் என்று அவர்கள் அடம்பிடித்தால், செய்திப் பெட்டியை அடைத்துவிட்டு, மாநில அரசு ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடத்தும் 14416 மனநல உதவி எண்ணை மேலே பெரிதாகப் போடச் சொல்லுங்கள். அது இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

சரி, எங்கே போவது?

திருநெல்வேலியில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஆற்றைத் தாண்டினால் பாளையங்கோட்டை. பார்வையற்றோர் பள்ளியும் காது கேளாதோர் பள்ளியும் நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே இருக்கின்றன. பக்கத்துக் கல்லூரிகளில் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது இரண்டு. பாடப் புத்தகத்தை வாசித்துக் காட்டவோ பதிவு செய்து தரவோ ஒரு குரல் வேண்டும். தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுத ஒரு கை வேண்டும். ஸ்க்ரைப் என்கிறார்களே, அது.

இதில் என்ன உளவியல் இருக்கிறது என்று தோன்றும். நான் பட்டப்படிப்பு படித்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. துணைப்பாடமாக உளவியல் எடுத்த ஓர் அண்ணனுக்கு வாசித்துக் காட்டப் போனேன். கேசட் காலம். ‘கீழே உள்ள படத்தைப் பார்க்க’ என்று புத்தகத்தில் இருந்ததையும் அப்படியே வாசித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, “பார்த்துட்டேன், மேல சொல்லுங்க தங்கச்சி” என்றார். எனக்கு முகமே செத்துப்போயிற்று.

அது நரம்பணுவின் படம். எப்படிச் சொல்வது? பனைமரம் தெரியுமா என்று கேட்டேன். “சின்ன வயசுல கட்டிப் பிடிச்சு நெஞ்செல்லாம் சிராய்ச்சிருக்கேன்” என்றார். அப்படியானால் மேலே விரிந்திருக்கும் ஓலைகள்தான் டெண்ட்ரைட்டுகள், ஓலை எல்லாம் வந்து சேரும் கொண்டை செல்லின் உடல், நீண்ட அடிமரம் ஆக்ஸான், அதில் வளையம் வளையமாகக் கையில் தட்டுப்படுமே, அதுபோல் இடைவெளி விட்டு மயலின் உறை சுற்றியிருக்கும், அடியில் வேர்கள் பிரிந்து அடுத்த அணுவைத் தொடப் போகும் என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பனையில தண்ணி கீழ இருந்து மேல போகும். இதுல செய்தி எப்படிப் போகும்?” என்றார். நான் மார்க் வாங்கிய பாடம் அது. ஆனால் பதில் வாயில் வரவில்லை. வீட்டுக்குப் போய் மறுபடி படித்தேன். ஓலையில் வாங்கி, வேர் வழியாகக் கொடுக்கும், பனைக்கு நேர் எதிர். அன்றைக்குப் படித்தது இன்றுவரை மறக்கவில்லை. என் பேராசிரியர்களைவிட அந்த அண்ணனுக்குத்தான் அந்தப் பாடத்தில் அதிகக் கடன்பட்டிருக்கிறேன்.

ஸ்க்ரைப் வேலை இதைவிடக் கஷ்டம். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும், ஆக மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகிவிடும். தேர்வர் தானே அழைத்து வரும் ஸ்க்ரைபின் படிப்பு தேர்வரின் படிப்பைவிட ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. இப்போது நீங்கள் எந்தத் தேர்வுகளுக்கு எழுதலாம் என்று அந்தந்தக் கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்த பிறகு, அவர் தப்பாகச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். வாய் துறுதுறுக்கும். எழுத வேண்டியது அவர் சொன்னதைத்தான். ஒரு சொல் கூட்டக் கூடாது, முகத்திலும் மூச்சிலும்கூடக் காட்டிக்கொடுக்கக் கூடாது. நான்கு மணி நேரம் இன்னொருவர் சொல்வதை, நம் சொந்தச் சரக்கைக் கலக்காமல் கேட்டுப் பாருங்கள். கவுன்சலிங் வகுப்பில் நாங்கள் முதல் செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுத்தும் பாதிப் பேருக்கு வராதது அதுதான்.

காது கேளாதோர் பள்ளியில் உங்களை உடனே சேர்த்துக்கொள்வார்களா என்பது அவர்கள் தேவையைப் பொறுத்தது. கேட்பதில் தப்பில்லை. கொஞ்சம் சைகை மொழி கற்றுக்கொண்டால் பின்னால் எந்த மருத்துவமனையிலும் உங்களுக்கென்று ஓர் இடம் இருக்கும்.

தென்காசி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் உட்காரத் தயார் என்றால் ஆய்க்குடி. கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975-இல் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோன எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி தொடங்குவதில் பெயர் பெற்ற இடம். வாரா வாரம் போய் வருவது சிரமம். செமஸ்டர் விடுமுறையில் இரண்டு வாரம் தொடர்ச்சியாகக் கேட்டுப் பாருங்கள். வளர்ச்சி உளவியல் புத்தகத்தில் ‘இந்த மாதத்தில் கழுத்து நிற்கும், இந்த மாதத்தில் உட்காரும்’ என்று அட்டவணை இருக்கிறதே, அது நடக்காத வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அம்மாக்கள் காத்திருக்கும் வராந்தாவில்தான் தெரியும். இதுபோன்ற வேறொரு மையத்துக்கு என் மாணவி ஒருத்தியை அனுப்பியிருந்தேன். போய் வந்து, “மேடம், எனக்கு வேலையே தரலை. ஒரு பையனை அரை மணி நேரம் ஊஞ்சல்ல வெச்சு ஆட்டச் சொன்னாங்க, அவ்வளவுதான்” என்று அலுத்துக்கொண்டாள். பையனின் அம்மா அந்த அரை மணியில் என்ன செய்தார் என்று கேட்டேன். “டீ குடிச்சாங்க. ‘சூடா டீ குடிச்சு எவ்வளவு நாளாச்சு’னு சொன்னாங்க.” சொல்லிவிட்டு அவளே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

இன்னொரு வேலை இருக்கிறது. எந்த உளவியல் துறையும் சொல்லித்தராது, ஆனால் நான் மிகவும் மதிக்கும் வேலை அது: விண்ணப்பம் பூர்த்தி செய்து கொடுப்பது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் சேரும். ஆனால் மனச்சிதைவு உள்ள மகனை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கு இது தெரிந்திருக்காது. 40 சதவீதம் என்று சான்று கிடைத்தால் என்னென்ன சலுகை வரும், அடையாள அட்டைக்கு எப்படிப் பதிவது, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கும் மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகைக்கு எந்தப் படிவம், ஒன்றும் தெரியாது. கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலக வாசலில் ஒரு காலை முழுக்க நின்று பாருங்கள். ‘ஒரு ஜெராக்ஸ் குறையுது’ என்று திரும்பிப் போகிறவர்களை எண்ணுங்கள். பிறகு அங்கே உள்ள அலுவலரிடம், இரண்டு பேர் வாரம் ஒரு நாள் வந்து படிவம் எழுதித் தருகிறோம் என்று கேளுங்கள். உங்கள் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தால் கடிதம் வாங்குவது சுலபம். அதில் வருடத்துக்கு 120 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்று கணக்கு இருக்கிறது, முகாம் நடக்கும் கிராமத்திலும் இதையே செய்யலாம். தயவுசெய்து மரத்தடியில் பேனர் கட்டி ‘மன அழுத்தத்தை வெல்வது எப்படி’ என்று மட்டும் பேசாதீர்கள். நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பாட்டிகள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். இன்னொரு முறை அப்படி வரக் கூடாது, வந்தால் உங்களைப் போன்றவர்களைத்தான் முகாமுக்குக் கூப்பிடுவார்கள். வீடு போனவரை உட்காரவைத்து, “என்ன நடந்தது, எப்படி இருந்தது” என்று தோண்டாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று வேலையைத்தான் சொல்கிறது: சுற்றிப் பார், காது கொடு, வேண்டிய உதவியோடு சேர்த்துவிடு. ரேஷன் கார்டு போய்விட்டது என்றால் எந்த மேஜைக்குப் போக வேண்டும், மகனுக்குப் போன் போட சார்ஜ் எங்கே கிடைக்கும். இதைச் செய்து கொடுத்தால், பேச நினைக்கிறவர் தானாகப் பேசுவார்.

இப்போது அப்பாவிடம் வருவோம். அந்தச் சொல்லைக் கேட்டு அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நம் ஊரில் இரண்டு தலைமுறை அப்படித்தான் பேசிப் பழகியிருக்கிறது. அந்தச் சொல்லுக்குக் கீழே அவருக்கு ஒரு பயம் இருக்கிறது: என் பெண்ணை யாராவது அடித்துவிட்டால்? இவளுக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? (மூன்றாவதை அவர் சொல்ல மாட்டார், அம்மா சொல்வார்.) வாசிப்பும் ஸ்க்ரைப் வேலையும் அவருக்கு ஆட்சேபணையாக இருக்காது, அதில் தொடங்குங்கள். ஆறு மாதம் போகட்டும். அப்புறம் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குத் துறை மூலமாக ஒரு நாள் பார்வைக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி, முடிந்தால் அம்மாவையும் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போங்கள். புறநோயாளி வரிசையில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவரே பார்க்கட்டும். தூக்கம் வராத டீச்சர், குடியை விடப் பார்க்கும் ஆட்டோக்காரர், பிரசவத்துக்குப் பிறகு அழுதுகொண்டே இருக்கும் பெண். எல்லாம் நம் தெருவில் இருப்பவர்கள்தான். அப்பாவிடம் நீங்கள் பேசுவதைவிட அம்மா பேசினால் எடுபடும்.

பாதுகாப்பு விஷயத்தில் அப்பா பக்கம்தான் நானும். தனியாகப் போகாதீர்கள், தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் வீட்டில் இருங்கள். உங்கள் சொந்த எண்ணைப் பயனாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கொடுக்காதீர்கள். “வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சொல்லிக்கொடும்மா” என்று யாராவது அன்பாகக் கூப்பிட்டாலும் நிறுவனத்தைக் கேட்காமல் போகாதீர்கள்.

கோடை விடுமுறையில் வெளியூர் போக வீட்டில் விட்டால் மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைக் கேளுங்கள். மனநல மருத்துவர் சி. ராமசுப்பிரமணியன் 1992-இல் தொடங்கியது. சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பு இருக்கிறது. தி பேன்யன் இருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் அதைத் தொடங்கியபோது இருவருக்கும் இருபதுகளின் தொடக்க வயதுதான். தெருவில் திரிந்த, மனநோய் உள்ள பெண்களுக்கு அவர்கள் முதலில் கொடுத்தது தங்க ஓர் இடம். இந்த இடங்களிலெல்லாம் மாணவர்களை எடுக்க அவரவர் முறை உண்டு. உங்கள் துறைக் கடிதத்தோடு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே எழுதுங்கள்.

5,000 ரூபாய் இன்டர்ன்ஷிப் பற்றி நீங்களே பாதி முடிவு எடுத்துவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தின் தொனியே சொல்கிறது. பயிற்சிக்குப் பணம் வாங்குவதே தப்பு என்று சொல்ல மாட்டேன், சொல்லித்தருகிறவர் நேரத்துக்கும் விலை உண்டு. ஆனால் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். எனக்கு மேற்பார்வை செய்யப்போவது யார், மருத்துவ உளவியலாளர் என்றால் அவருடைய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் என்ன? பதினைந்து நாளில் நான் நேரில் எத்தனை மனிதர்களைப் பார்ப்பேன்? நான் செய்ததைத் தப்பு என்று எனக்கு யார் சொல்வார்? எதிர்முனை, “அதெல்லாம் வீடியோவில் வரும் மேடம், இன்றைக்கே கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி” என்றால் போனை வைத்துவிடுங்கள். எம்.எஸ்சி. சேர்க்கை நேர்முகத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் கவரில் பதினாறு சர்டிஃபிகேட் கொண்டுவரும் பிள்ளைகளிடம் நான் கேட்பது, “இதில் ஏதாவது ஒன்றில் நீ பார்த்த ஓர் ஆளைப் பற்றிச் சொல்லு” என்றுதான். பாதிப் பேர் மேலே மின்விசிறியைப் பார்ப்பார்கள்.

ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஒரு மாதம் அவர்கள் உங்களைச் சோதிப்பார்கள், சொல்லாமலே சோதிப்பார்கள். பழைய ஃபைலை அடுக்கச் சொல்வார்கள், சுண்டல் பொட்டலம் கட்டச் சொல்வார்கள். செய்யுங்கள். போன வருடம் வந்த மாணவர் கூட்டம் பத்து நாளில் காணாமல் போனதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாரம் மூன்று மணி நேரம் என்றால் இருபது வாரத்தில் உங்கள் 60 மணி நேரம் முடிந்துவிடும். ஒரே கிழமை, ஒரே நேரம். வர முடியாத வாரம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உள்ள இடமென்றால், உங்கள் கடைசி நாள் எது என்று ஒரு மாதம் முன்னாலேயே அவர்களிடம் சொல்லி, காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டிவிடுங்கள். சொல்லாமல் நின்றுபோன அக்காக்களை அந்தக் குழந்தைகள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருப்பார்கள்.

போன் பைக்குள் இருக்கட்டும். குழந்தைகள் இல்லத்தில் எடுத்த செல்ஃபியை ஸ்டேட்டஸில் வைப்பது விளையாட்டு இல்லையம்மா. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் 2015 சிறார் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். முகத்தில் ஸ்மைலி ஒட்டினேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், இல்லத்தின் பெயர்ப் பலகை பின்னால் தெரியும்.

அப்புறம், ஒரு நாள் ஒரு குழந்தை உங்கள் காதில் வந்து, “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, ஒண்ணு சொல்றேன்” என்னும். சத்தியம் செய்யாதீர்கள். “உனக்கு உதவி செய்யக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்” என்று சொல்லுங்கள். அது சொல்வதைச் சொல்லும் வரை கேளுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள், அது போலீஸ் வேலை. பாலியல் தொந்தரவு பற்றியது என்றால் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் தகவல் கொடுத்தே ஆக வேண்டும், நீங்களும் அதில் அடக்கம். அன்றைக்கே இல்லத்தின் பொறுப்பாளரிடமும் உங்கள் துறைத் தலைவரிடமும் சொல்லுங்கள். பொறுப்பாளர் மேலேயே சந்தேகம் என்றால் நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098.

ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்ததும் ஒரு பக்கம், யார் பெயரும் இல்லாமல். நடுவில் கோடு போட்டு இடது பக்கம் கண்ணால் பார்த்தது, வலது பக்கம் நீங்கள் நினைத்தது. ‘அம்மா கோபமாக இருந்தார்’ என்பது வலது பக்கம். ‘அம்மா பையைத் தரையில் போட்டார், பையனைப் பார்க்காமல் பேசினார்’ என்பது இடது பக்கம். முதல் வாரம் இடது பக்கம் காலியாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். இருபதாவது வாரம் அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள். துறையில் கேட்கும் அறிக்கையை அதிலிருந்தே எழுதிவிடலாம், மணிக்கணக்குத் தாளில் பொறுப்பாளரின் கையெழுத்தை மட்டும் அன்றன்றைக்கே வாங்கி வையுங்கள். மொத்தமாக மார்ச் கடைசியில் நீட்டினால் யாருக்கும் எரிச்சல் வரும்.

செமஸ்டர் தேர்வு நவம்பரில் வந்துவிடும். பார்வையற்ற மாணவர்கள் ஸ்க்ரைப் தேடி அலைவது அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே தொடங்கிவிடும், கடைசி வாரத்தில் ஆள் கிடைக்காமல் யார் யாரையோ கெஞ்சுவார்கள். நீங்கள் இந்தச் சனிக்கிழமையே பாளையங்கோட்டை போய் உங்கள் பெயரையும், எந்தெந்தத் தேதியில் உங்களுக்குத் தேர்வு இல்லை என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.